இரண்டின் மடக்கை

நுழையும்முன்

பெருக்கலைக் கூட்டலாக்கித் தருவது மடக்கை. கணிப்பொறி வந்தபின் மடக்கை அட்டவணை பயன்பாட்டிலிருந்து மறைந்தது. ஆனால், மடக்கை மறையவில்லை. ஆலையின் இரைச்சல், கழிவுநீரின் அமிலத்தன்மை, நிலநடுக்கத்தின் வலிமை ஆகியவை இன்றும் மடக்கை அளவுகளாலேயே குறிக்கப்படுகின்றன. அந்த அளவுகளைப் பொருள் அறிந்து படிப்பது உடலையும் நீர்நிலைகளையும் காக்கும் அறிவாகும் என்பதை 0.3010 என்னும் ஒரே எண்ணின் துணையோடு விளக்குகிறது இப்பாடம்.

பாதியும் மடங்கும்

அரை, கால், அரைக்கால், வீசம் என்பவை தமிழர் வழங்கிவந்த பின்ன அளவுகள். ஒன்றின் பாதி அரை. அரையின் பாதி கால். காலின் பாதி அரைக்கால். அரைக்காலின் பாதி வீசம். வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. ஒன்றை எத்தனை முறை பாதியாக்கினால் வீசம் கிடைக்கும்? நான்கு முறை. 'எத்தனை முறை' என்னும் இவ்வினாவுக்கு உரிய விடையே மடக்கை. நான்கு இரண்டுகளைப் பெருக்கினால் 16 கிடைக்கும். ஆகவே, 2ஐ அடிமானமாகக் கொண்டால் 16இன் மடக்கை 4.

அன்றாட அறிவியலில் 10ஐ அடிமானமாகக் கொள்வது வழக்கம். 100இன் மடக்கை 2. 1000இன் மடக்கை 3. அப்படியானால் 2இன் மடக்கை என்ன? இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024 வரும். மூன்று பத்துகளைப் பெருக்கினால் 1000 வரும். இவ்விரண்டும் ஏறத்தாழச் சமம். எனவே, பத்து இரண்டுகள் மூன்று பத்துகளுக்கு ஈடாகின்றன. ஓர் இரண்டு, பத்தில் மூன்று பங்குக்கு ஈடாகிறது. அதாவது, 2இன் மடக்கை ஏறத்தாழ 0.3. மேலும் நுட்பமாகச் சொன்னால் 0.3010. எங்கெல்லாம் ஒன்று இருமடங்காகிறதோ, அங்கெல்லாம் இந்த எண் தலைகாட்டும்.

தெரிந்து தெளிவோம்

ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண அறிஞர் வீரசேனர், 'தவளா' என்னும் தம் உரைநூலில் ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதை 'அர்த்தச்சேதம்' என்று குறித்தார். இன்றைய மொழியில் அது 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையாகும்.

உழைப்பைச் சுருக்கிய கருவி

ஸ்காட்லாந்து நாட்டின் ஜான் நேப்பியர் 1614ஆம் ஆண்டு தம் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹென்றி பிரிக்ஸ், 10ஐ அடிமானமாகக் கொண்ட விரிவான அட்டவணையை 1624இல் வெளியிட்டார். இரு பெரிய எண்களைப் பெருக்க வேண்டுமெனில், அவற்றின் மடக்கைகளைக் கூட்டி, கூட்டுத்தொகைக்கு உரிய எண்ணை அட்டவணையில் கண்டறிந்தால் போதும். வானியலாரும் மாலுமிகளும் நில அளவையாளரும் இதனால் பெரும்பயன் அடைந்தனர்.

இக்கருவி தமிழ்நாட்டு மண்ணிலும் பணியாற்றியது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சென்னையை அடுத்த பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவைக்கு அதுவே தோற்றுவாய். அடிக்கோட்டின் நீளமும் கோணங்களும் தெரிந்தால், முக்கோணத்தின் ஏனைய பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் விரிந்த அக்கணக்கின் நெடும் பெருக்கல்களை மடக்கை அட்டவணைகள் கூட்டல்களாக்கித் தந்தன.

அன்று கணக்கிடும் உழைப்பைக் குறைத்த மடக்கை, இன்று அளக்கும் கருவிகளுக்குள் குடிபுகுந்துள்ளது. அதனைக் காண, சென்னைக்கு வடக்கே உள்ள தொழிற்பகுதியை நோக்கலாம்.

இரைச்சலின் கணக்கு

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லைக்கு அருகே, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழில் வளாகமும் அதன் சுற்றுப்புறமும் பல்லாயிரவர் உழைக்கும் இடங்கள். இரும்பை உருக்குதல், உருட்டுதல், வெட்டுதல் போன்ற பணிகள் எங்கு நடந்தாலும் இரைச்சல் உடன்பிறக்கும். அதனை அளக்கும் அலகு டெசிபல்.

மனிதச் செவி உணரக்கூடிய மிக மெல்லிய ஒலியின் செறிவு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்டின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. செவியில் வலியை உண்டாக்கத் தொடங்கும் ஒலியின் செறிவு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வாட். இவ்விரண்டிற்கும் இடையே இலட்சம் கோடி மடங்கு வேறுபாடு உள்ளது. இவ்வளவு பெரிய இடைவெளியைச் சாதாரண அளவுகோலில் அடக்க இயலாது. ஆகவே, ஒலிச்செறிவுகளின் விகிதத்திற்கு மடக்கை கண்டு, அதனைப் பத்தால் பெருக்கி டெசிபல் என்கிறோம். மெல்லிய ஒலி 0 டெசிபல். வலிதரும் ஒலி 120 டெசிபல்.

ஒரு பட்டறையில் தனியாக இயங்கும்போது 90 டெசிபல் இரைச்சல் தரும் இயந்திரம் ஒன்று உள்ளது எனக் கொள்வோம். அதன் அருகே அதே போன்ற மற்றோர் இயந்திரமும் இயங்கினால் இரைச்சல் 180 டெசிபல் ஆகாது. ஒலிச்செறிவு இருமடங்காகிறது, 2இன் மடக்கை 0.3010; அதனைப் பத்தால் பெருக்கினால் 3. ஆகவே, மொத்த இரைச்சல் 93 டெசிபல். நான்கு இயந்திரங்கள் இயங்கினால் 96. பத்து இயங்கினால் 100.

இங்கேதான் விழிப்புத் தேவை. "90 இருந்தது, 93 ஆயிற்று, மூன்றுதானே கூடியது" என்று எண்ணினால், இரைச்சல் இருமடங்கான உண்மை கண்ணுக்குத் தப்பிவிடும். பத்து டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்கு. இருபது கூடினால் நூறு மடங்கு. இதன் மறுபக்கமும் உண்டு. இருபது டெசிபல் குறைக்கும் செவிக்காப்பை அணிந்தவரின் செவியை, இரைச்சலின் நூறில் ஒரு பங்கே சென்றடைகிறது.

உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பை, அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களுள் ஒன்றாக 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பட்டியலிட்டிருந்தது. இந்தியத் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளின்படி 90 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரமும், 95இல் 4 மணி நேரமும், 100இல் 2 மணி நேரமும் பணியாற்றலாம். ஒவ்வோர் 5 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வு நிறுவனமோ, 85 டெசிபலில் 8 மணி நேரம் எனத் தொடங்கி, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கப் பரிந்துரைக்கிறது. அக்கணக்கின்படி 100 டெசிபலில் 15 நிமிடமே இருக்கலாம். இரண்டு மணி எங்கே, கால் மணி எங்கே! 3 என்னும் எண் 2இன் மடக்கையிலிருந்து வந்தது என்பதை அறிந்தவரே இவ்விரு விதிகளையும் ஒப்பிட்டு எடைபோட இயலும்.

நீரின் கணக்கு

இரும்பின் மேற்பரப்பில் படிந்த துருவை நீக்க அமிலம் பயன்படுகிறது. அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் என்னும் அளவை, டென்மார்க் நாட்டு வேதியியலாளர் சோரென்சன் 1909இல் அறிமுகப்படுத்தினார். இதுவும் மடக்கை அளவே. தூய நீரின் பிஎச் மதிப்பு 7. மதிப்பு ஒன்று குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்காகும். 7 என்பது 4 ஆனால் அமிலத்தன்மை ஆயிரம் மடங்கு கூடியிருக்கும். வெளியேற்றப்படும் கழிவுநீரின் பிஎச் மதிப்பு பொதுவாக 5.5 முதல் 9.0 வரை இருக்க வேண்டும் என்பது இந்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வகுத்த வரம்பு.

பிஎச் மதிப்பு 3 உள்ள ஒரு லிட்டர் அமில நீரையும் 7 உள்ள ஒரு லிட்டர் தூய நீரையும் கலந்தால் எவ்வளவு ஆகும்? சராசரி கண்டு 5 என்று விடை சொல்வது பிழை. அமிலச் செறிவு பாதியாகிறது. ஆகவே, மதிப்பு 0.3 மட்டுமே உயர்ந்து 3.3 ஆகிறது. மீண்டும் அதே 2இன் மடக்கை! வலிய அமில நீர் ஒரு லிட்டரைத் தூய நீர் கொண்டே 3இலிருந்து 5.5க்கு உயர்த்த வேண்டுமெனில், மொத்தம் ஏறத்தாழ 316 லிட்டராக அதனைப் பெருக்க வேண்டும். நீர் அரிதான நாட்டில் இது நடவாதது. எனவேதான் சுண்ணாம்பு போன்ற காரப்பொருளைச் சேர்த்து அமிலத்தை நடுநிலையாக்குகின்றனர்.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே விரிந்திருப்பது பழவேற்காடு ஏரி. சில்காவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் அது. பூநாரைகள் இரைதேடும் அந்நீரில் மீனும் இறாலும் நண்டும் பிடித்து வாழும் குடும்பங்கள் பல. இத்தகைய நீர்நிலையைச் சூழ்ந்த எந்த ஊரிலும், பிஎச் அளவுமானியில் ஓர் எண் இறங்குவதைச் சிறு மாற்றமாகக் கொள்ளலாகாது.

நிலத்தின் கணக்கு

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை பழவேற்காட்டுக் கடற்கரையையும் தாக்கியது. அதற்குக் காரணமான சுமத்ரா நிலநடுக்கத்தின் அளவு 9.1. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு 7.7. வேறுபாடு 1.4 மட்டுமே, ஆனால், வெளிப்பட்ட ஆற்றலோ ஏறத்தாழ 125 மடங்கு. நிலநடுக்க அளவு 0.2 கூடும்போதெல்லாம் ஆற்றல் இருமடங்காகிறது. ஆற்றலின் கணக்கில் அந்த 0.2ஐ ஒன்றரையால் பெருக்க வேண்டும், வருவது 0.3.

எண்ணின் உட்பொருள்

மடக்கை, பேரளவுகளைச் சிற்றெண்களுக்குள் அடக்கித் தருகிறது. அதுவே அதன் சிறப்பு. அறியாதாருக்கு அதுவே இடர். அளவுமானியின் முன் நிற்பவர் 'எத்தனை கூடியது?' என்று கேட்பதோடு நின்றுவிடாமல், 'எத்தனை மடங்காயிற்று?' என்றும் கேட்க வேண்டும். மூன்று டெசிபல் கூடியதென்றால் இரைச்சல் இருமடங்காயிற்று என்பதை அறிந்த தொழிலாளி, செவிக்காப்பைக் கேட்டுப் பெறுவார். பிஎச் மதிப்பு ஒன்று குறைந்ததென்றால் அமிலம் பத்து மடங்காயிற்று என்பதை அறிந்த ஊரார், அதற்கான காரணத்தைக் கேட்பர். வகுப்பறையில் கற்கும் மடக்கை, அவ்வாறு கேட்கும் துணிவுக்கு அறிவின் துணையாகிறது.