ஒழிவது ஓர் இடம், வெளியேறுபவர் வேறொருவர்

ஆட்குறைப்பின்போது எந்தப் பணியிடம் ஒழிக்கப்படுகிறதோ அதில் இருப்பவரே வேலையை இழப்பார் என்று எண்ணுவது இயல்பு. அமெரிக்கத் தொழிற்சங்க ஒப்பந்தங்கள் பலவற்றில் உள்ள 'பம்பிங்' உரிமை இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. பணியிடத்தை இழந்த ஒருவர், பணிமூப்பில் தமக்கு இளையவரான, அதாவது தமக்குப் பின் வேலையில் சேர்ந்த, ஒருவரின் இடத்தைக் கேட்டுப் பெறலாம். அப்படி இடம் இழந்தவர் தமக்கும் இளையவரின் இடத்துக்குச் செல்வார். இப்படி நகரும் சங்கிலியின் முடிவில் வெளியேறுபவர், ஒழிக்கப்பட்ட வேலையை ஒருநாளும் செய்யாதவராக இருக்கக்கூடும். புதிய வேலைக்குரிய தகுதி வேண்டும் என்பது பொது நிபந்தனை; எத்தனை படிநிலை இறங்கலாம் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.

மேற்பார்வையாளரின் விருப்பு வெறுப்பே ஒருவரின் பிழைப்பைத் தீர்மானித்த காலத்தை அறிந்த தொழிலாளர்கள், எவராலும் திரிக்க முடியாத அளவுகோலாகச் சேர்ந்த தேதியைப் பற்றிக்கொண்டனர். இந்தியாவின் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டமும் கடைசியில் சேர்ந்தவரே முதலில் செல்ல வேண்டும் என்ற நெறியை ஏற்றது. ஆனால் அதை ஒரே வகைப் பணியாளர்களுக்குள் மட்டும் பொருத்தியது.

இந்த அளவுகோல் நேர்மையானது. ஆயினும், நெடுங்காலம் வேலையே மறுக்கப்பட்டவர்கள் அதில் எப்போதும் கடைசியில்தான் நிற்பார்கள் என்ற வேதனையான உண்மையை அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத் தீயணைப்புத் துறையின் வழக்கு வெளிப்படுத்தியது. கறுப்பினத்தவரைக் கூடுதலாகச் சேர்ப்பதற்கு 1980இல் நீதிமன்றத்தின் வழியே உடன்பாடு ஏற்பட்டது. மறு ஆண்டே நிதிப் பற்றாக்குறையால் நகர நிர்வாகம் பணிமூப்பின்படி ஆட்குறைப்பை அறிவித்தது. மூத்தவர்கள் கீழ்ப் பதவிக்கு இறங்கி வேலையைக் காத்துக்கொள்ளலாம் என்பதால், சுமை புதிதாக வந்தவர்கள்மீதே இறங்கவிருந்தது. குறிப்பிட்ட சில பதவிகளில் கறுப்பினத்தவரின் விகிதம் குறையக் கூடாது என்று மாவட்ட நீதிமன்றம் தடுத்ததால், அவர்களைவிட மூத்த வெள்ளையர் சிலர் வேலையிழந்தனர் அல்லது பதவியிறக்கப்பட்டனர்.

1984இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிப் பணிமூப்பு முறைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. வேலையிழந்த வெள்ளையர் அனைவரும் ஒரே மாதத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டிருந்தமையால் வழக்குக்கே இனிப் பொருளில்லை என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. அந்த ஒரு மாத ஊதியமும், அதனுடன் போன ஒரு மாதப் பணிமூப்பும் அவர்களுக்கு இன்னும் திரும்பவில்லை என்பதை அதற்குக் காரணமாகக் காட்டியது.