மூளைப் படமும் கழித்தல் கணக்கும்

மூளையின் படத்தில் ஓரிடம் செந்நிறமாய் விளங்குவதைக் காட்டி, “முகத்தை அறியும் இடம் இதுவே” என்று எழுதுவதைப் பலரும் படித்திருப்பர். அச்செந்நிறம் மூளையின் நிறமன்று; ஒரு கழித்தல் கணக்கின் விடையாகும்.

1990-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்ஜி ஒகாவாவும் அவர்தம் குழுவினரும், குருதியிலுள்ள பிராணவாயுவின் அளவு மாறுங்கால் காந்தப் படக்கருவியின் பதிவும் மாறுவதைக் காட்டினர். நரம்பணுக்கள் ஊக்கமுடன் இயங்கும் இடத்திற்குப் புதுக்குருதி மிகுதியாகப் பாய்கிறது. அம்மாற்றத்தையே கருவி பதிகிறது. ஆயினும், அப்பதிவு தனித்து நின்று பொருள் தருவதில்லை. ஆகவே, ஒரு செயலின்போது கிடைத்த அளவிலிருந்து மற்றொரு செயலின் அளவைக் கழிக்கின்றனர். எஞ்சும் வேறுபாடு தற்செயலாய் நேரக்கூடியதா என்பதைப் புள்ளியியல் முறையால் சோதிக்கின்றனர்.

1997-இல் நான்சி கான்விஷரும் உடன் ஆய்ந்தோரும் 15 பேருக்கு முகப் படங்களையும் பொருள்களின் படங்களையும் காட்டினர். அவருள் 12 பேரிடம், மூளையின் அடிப்புறத்து மடிப்பொன்று முகங்களுக்கே மிகுந்த அளவைக் காட்டியது. அத்துடன் அவர்கள் அமையவில்லை. அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு, வேறு படங்களால் அதனை மீண்டும் சோதித்தனர். இஃது இன்றியமையாதது. ஒரு தேர்வில் முதற்பத்து மாணவரைத் தெரிந்தெடுத்து, அதே தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே அவர்தம் திறமையை மெய்ப்பித்தல் ஆகுமா? மறுதேர்வு வேண்டுமன்றோ!

இனி, தமிழில் 70, கணக்கில் 60 பெற்ற மாணவனுக்கும், 30, 20 பெற்ற மாணவனுக்கும் வேறுபாடு 10 தான். இருவரும் ஒரு நிலையினர் ஆவரோ? மூளையின் சில பகுதிகளில் இரு அளவுகளுமே ஓய்வுநிலைக்குக் கீழே நிற்பதுண்டு. அங்கே “மிகுதி” என்பது, குறைந்தவற்றுள் சற்றே குறைவாகக் குறைந்தது என்றே பொருள்படும். ஆதலின், கழித்து வந்த விடையோடு இரு மூல அளவுகளையும் காணல் வேண்டும்.

மற்றொரு பிழை நுட்பமானது. ஒரு பகுதியில் வேறுபாடு உறுதிப்பட்டு, வேறொன்றில் உறுதிப்படாவிடின், அவ்விரு பகுதிகளும் வெவ்வேறு இயல்பின என்று முடிவு செய்துவிடுகின்றனர். 40 பெற்றுத் தேறியவனுக்கும் 39 பெற்றுத் தவறியவனுக்கும் மலையளவு வேற்றுமை உண்டோ? இரு பகுதிகளின் வேறுபாடுகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பின்னரே அவ்வாறு கூறலாம். 2011-இல் வெளிவந்த ஆய்வொன்று, 513 நரம்பியல் கட்டுரைகளைத் துருவியது. இவ்வகைப் பிழைக்கு இடமிருந்த 157 கட்டுரைகளுள் 79 அதில் வீழ்ந்திருந்தன. அறிஞரே சறுக்கும் இடம் இது.

“குழந்தையின் மூளை இவ்வாறு இயங்குகிறது, ஆகவே இவ்வாறு கற்பியுங்கள்” என்று படத்தோடு வரும் அறிவுரைகள் இந்நாளில் பல. அவற்றை ஏற்குமுன் ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம்: எதிலிருந்து எதைக் கழித்தனர்? இடத்தை எந்த அளவுகளைக் கொண்டு குறித்தனர்? இரு இடங்களையும் நேரே ஒப்பிட்டனரா? விடை கிடைத்த பின்னரே வகுப்பறையை மாற்றலாம்.