பற்றுப் புத்தகத்தில் இருப்பது பணமாகுமா?

சுங்கை பாக்காப் வட்டாரத்தில் ஒரு காலத்தில் கரும்பு விளைந்தது. பிறகு கித்தா வந்தது. அதன்பின் செம்பனை வந்தது. பயிர் மாறினாலும், "எழுதிக்கொள்ளுங்கள், சம்பளத்தன்று தருகிறேன்" என்று கடையில் சொல்லும் வழக்கம் மாறவில்லை.

அந்தப் பற்றுப் புத்தகத்தை இப்போது நம் குடும்பங்களே எழுதுகின்றன. ஒட்டுக்கடை, பலகாரம், தையல், தவணைக்குச் சேலை என்று பல வீடுகளில் சிறு வியாபாரம் நடக்கிறது. "வியாபாரம் நன்றாகத்தான் ஓடுகிறது, கையில்தான் காசில்லை" என்பது அவர்களின் குறை. ஏன் அப்படி?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 90 வெள்ளிக்கு வாங்கிய சரக்கை 100 வெள்ளிக்குக் கடனாகக் கொடுக்கிறோம். லாபம் 10 வெள்ளி. வாங்கியவர் கொடுக்காமல் போனால், நம் முதல் 90 வெள்ளி போயிற்று. அதை மீட்க, இன்னும் ஒன்பது பேருக்கு அதேபோல் விற்று, ஒன்பது பேரிடமும் முழுப்பணம் வாங்க வேண்டும்!

நாள் கணக்கும் உண்டு. மொத்தக் கடைக்காரர் நமக்கு 14 நாள் தவணை கொடுத்து, நாம் 30 நாள் தவணை கொடுத்தால், இடையில் 16 நாளைக்கு யார் பணம் போடுவது? அந்த இடைவெளியில்தான் பலர் வட்டிக்காரரிடம் போகிறார்கள். உரிமம் பெற்றவர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. உரிமமில்லாதவர் மாதம் 10 விழுக்காடு கேட்டால், அது ஆண்டுக்கு 120 விழுக்காடு. எந்தச் சிறுகடை தாங்கும்?

ஆகவே சில கட்டுப்பாடுகள் வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள். பழைய பாக்கி தீராமல் புதிய பற்று வேண்டாம்.

வசூலைச் சம்பள நாளோடு சேர்த்துவிடுங்கள். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் ஊதியம் கொடுக்க வேண்டும் என்கிறது 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். மாதச் சம்பளக்காரரிடம் 8-ஆம் தேதி கேட்டால் பணம் இருக்கும். 20-ஆம் தேதி கேட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

மாதந்தோறும் பாக்கியைக் கூட்டிக் காட்டி, வாங்கியவரின் கையெழுத்தைப் பெறுங்கள். கடன்பாக்கிக்கு வழக்குப் போட 1953-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் கெடு 6 ஆண்டு. கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தக் கெடு புதிதாகத் தொடங்கும்.

முழுதும் தர முடியாதவரிடம் வாரம் 10 வெள்ளியாவது வாங்குங்கள். உறவும் நிற்கும், முதலும் திரும்பும்.

வீட்டுச் செலவுக்கு ஒரு டப்பா, சரக்கு முதலுக்கு ஒரு டப்பா என்று பிரித்து வையுங்கள். பிள்ளையின் பள்ளிச் செலவுக்குக் கடை முதலில் கைவைத்தால், அடுத்த மாதம் சரக்கு எடுக்க வழியிருக்காது.

"சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது?" என்று கூச்சப்படுபவர்கள், கொடுக்கும்போதே தேதியைச் சொல்லிவிட வேண்டும். முன்னால் சொன்ன சொல்லுக்குப் பின்னால் சண்டை வராது.