வாகனங்களில் பழுது தாங்கும் மின்பகிர்மானம்

வாகனத்தின் மின் அமைப்பில் ஒரு பகுதி பழுதடைந்தாலும், ஸ்டீரிங், பிரேக் போன்ற முக்கிய உறுப்புகளுக்கு மின்சாரம் தொடர்ந்து கிடைக்குமாறு மின்வழிகளை அமைக்கும் முறை பழுது தாங்கும் மின்பகிர்மானம் எனப்படுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மின்மூலங்கள், தனித்தனி மின்தடங்கள், பழுதான பகுதியை விரைந்து துண்டிக்கும் பிரிப்பு நிலைமாற்றிகள், மாற்று மின்மூலம் நல்ல நிலையில் உள்ளதா எனத் தொடர்ந்து சோதிக்கும் கண்காணிப்பு ஆகியவை இதன் அடிப்படைக் கூறுகள். கார், பேருந்து, விமானம் என எல்லா வகை ஊர்திகளுக்கும் இக்கோட்பாடு பொருந்தும். இக்கட்டுரை பெரும்பாலும் கார்களைப் பற்றியது.

பின்னணி

வழக்கமான காரில் ஒரு 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியும் ஓர் ஆல்டர்னேட்டரும் சேர்ந்து ஒரே மின்தடத்துக்கு மின்சாரம் தருகின்றன. விளக்கு, ஒலிப்பான், எஞ்சின் கணினி, காற்றுப்பை ஆகிய எல்லாச் சுமைகளும் உருகிகள் வழியாக அதே தடத்துடன் இணைக்கப்படுகின்றன. திரும்பும் வழியாக வாகனத்தின் உலோக உடலே பயன்படுகிறது. இதை எர்த் என்று அழைப்பது வழக்கம்.

மின்சாரம் முழுவதும் நின்றாலும் ஓட்டுநரால் வண்டியைக் கட்டுப்படுத்த முடியும் என்ற நம்பிக்கையில் இந்த அமைப்பு பல பத்தாண்டுகள் நீடித்தது. ஸ்டீரிங் சக்கரம் உலோகத் தண்டு மூலமாகவும், பிரேக் மிதி எண்ணெய்க் குழாய்கள் மூலமாகவும் சக்கரங்களுடன் நேரடியாக இணைந்திருந்தன. மின் உதவி நின்றால் ஸ்டீரிங் கனமாகும், ஆனால் திரும்பும்.

அந்த இயந்திர இணைப்பு படிப்படியாக விலகி வருகிறது. 2001இல் மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்.எல். காரில் வந்த மின்வழி பிரேக்கில் மிதியின் அழுத்தம் மின்குறிப்பாகவே கடத்தப்பட்டது. எனினும் பழுது ஏற்பட்டால் முன்சக்கரங்களுக்கு நேரடி எண்ணெய் அழுத்தம் செல்லும் மாற்றுவழி விடப்பட்டிருந்தது. 2013இல் அறிமுகமான இன்பினிட்டி கியூ50 காரின் மின்வழி ஸ்டீரிங்கில், அவசர நேரத்தில் தண்டை மீண்டும் இணைக்கும் கிளட்ச் ஒன்று இருந்தது. 2023இன் இறுதியில் விற்பனைக்கு வந்த டெஸ்லா சைபர்டிரக்கில் ஸ்டீரிங் சக்கரத்துக்கும் வண்டிச் சக்கரங்களுக்கும் இடையே இயந்திர இணைப்பே கிடையாது. இத்தகைய வாகனத்தில் மின்சாரம் நின்றால் திசைதிருப்பலும் நின்றுவிடும்.

ஒற்றைப் பழுதின் விளைவு

ஒரே ஒரு பாகம் செயலிழப்பதால் முழு அமைப்பும் செயலிழக்குமானால், அந்தப் பாகம் ஒற்றைப் பழுதுப் புள்ளி எனப்படும். 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் உள்ளிட்ட சுமார் 26 லட்சம் சிறிய கார்களைத் திரும்ப அழைத்தது இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அவற்றின் சாவி நிலைமாற்றி போதிய இறுக்கமின்றி இருந்தது. கனமான சாவிக்கொத்தின் இழுப்பாலோ சாலைக் குலுக்கத்தாலோ, அது ஓடும் நிலையிலிருந்து நழுவியது. உடனே எஞ்சின் நின்றது. ஸ்டீரிங்குக்கும் பிரேக்குக்கும் இருந்த உதவி விசை போனது. மோதலின்போது காற்றுப்பைகளும் விரியவில்லை. 124 உயிரிழப்புகளை இக்குறைபாட்டுடன் தொடர்புடையவை என்று நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்டது. அந்தக் கார்களில் ஸ்டீரிங், பிரேக், காற்றுப்பை ஆகியவை தனித்தனியே நன்றாகவே இருந்தன. அவை மூன்றும் ஒரே நிலைமாற்றியை நம்பியிருந்ததே கேடாக முடிந்தது.

பழுதுக்கு எதிரான அணுகுமுறைகள் இரண்டு வகைப்படும். பழுது நேர்ந்ததும் அமைப்பு தன்னை நிறுத்திக்கொண்டு பாதுகாப்பான நிலைக்குச் செல்வது முதல் வகை. மின்தூக்கியில் மின்சாரம் நின்றதும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்வது இவ்வகையைச் சேர்ந்தது. பழுதுக்குப் பின்னும் குறைந்த திறனிலாவது இயங்கிக்கொண்டே இருப்பது இரண்டாம் வகை. விரைவுச் சாலையில் ஓடும் காரின் ஸ்டீரிங்குக்கு நின்றுவிடுவது பாதுகாப்பான நிலை அல்ல என்பதால், அதற்கு இரண்டாம் வகையே தேவைப்படுகிறது.

குறுக்குச்சுற்றும் மின்னழுத்தச் சரிவும்

ஒரு கம்பி அறுந்தால் அதனுடன் இணைந்த சுமை மட்டுமே நிற்கும். குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ, பழுதில்லாத சுமைகளும் பாதிக்கப்படும்.

12 வோல்ட் பேட்டரியின் அகத்தடை 10 மில்லியோம் என்றும், பழுதான இடம் வரையிலான கம்பியின் தடை மேலும் 10 மில்லியோம் என்றும் கொள்வோம். அந்தக் கம்பி எர்த்தைத் தொட்டால் 12 ÷ 0.02 = 600 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். அதில் 6 வோல்ட் பேட்டரியின் உள்ளேயே இழக்கப்படும். எனவே பொதுத் தடத்தில் மீதமிருப்பது 6 வோல்ட் மட்டுமே. உருகி உருகி அறும் வரை, அத்தடத்திலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் இந்தப் பாதி அழுத்தம்தான் கிடைக்கும். பல கட்டுப்பாட்டுக் கணினிகள் இந்த நிலையில் நின்றுபோய், அழுத்தம் மீண்டதும் முதலிலிருந்து தொடங்கும். ஸ்டீரிங் கணினி மீண்டும் செயல்பட ஒரு நொடி எடுத்துக்கொண்டால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் அதற்குள் சுமார் 28 மீட்டர் கடந்திருக்கும்.

ஆகவே, இரண்டு பேட்டரிகளை ஒரே தடத்தில் இணைப்பதால் மட்டும் பழுது தாங்கும் தன்மை வந்துவிடாது. ஒன்றில் ஏற்படும் குறுக்குச்சுற்று மற்றொன்றையும் வடித்துவிடும். மூலங்களின் எண்ணிக்கையைவிட, அவற்றுக்கிடையே பழுது பரவாமல் தடுப்பதே முக்கியம்.

அமைப்பு முறைகள்

இரு மின்தடங்கள்: முக்கியச் சுமைகள் இரண்டு தடங்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு தடத்துக்கும் சொந்தமாக ஒரு மின்சேமிப்பு இருக்கும். ஸ்டீரிங் மோட்டாரில் இரண்டு தனித்தனிக் கம்பிச்சுருள் தொகுதிகளும் இரண்டு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளும் வைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் வெவ்வேறு தடத்திலிருந்து மின்சாரம் பெறுகின்றன. ஒரு தடம் போனால் பாதி விசை மிஞ்சும். பிரேக்கிலும் முதன்மை அழுத்த அலகு ஒரு தடத்திலும், சறுக்கல் தடுப்பு அலகு மற்றொரு தடத்திலும் இணைக்கப்படுகின்றன.

ஒரே கருவிக்கு இரு தடங்களிலிருந்தும் டையோடுகள் வழியாக மின்சாரம் தருவது எளிய மாற்றாகத் தோன்றும். ஆனால் அந்தக் கருவிக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டால், அது இரு தடங்களையும் இணைக்கும் பாலமாகி இரண்டையும் சேர்த்து இழுத்துவிடும். இதனால், கருவியையே இரு பாதிகளாக்கி ஒவ்வொன்றையும் ஒரே தடத்துடன் இணைப்பது விரும்பப்படுகிறது.

பிரிப்பு நிலைமாற்றி: வழக்கமான ஓட்டத்தில் இரு தடங்களும் இணைந்திருந்து மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றில் அழுத்தம் சரிந்தாலோ மின்னோட்டம் எல்லை மீறினாலோ, இடையிலுள்ள குறைகடத்தி நிலைமாற்றி அவற்றைப் பிரித்துவிடும். இதற்குப் பெரும்பாலும் மாஸ்பெட்டுகள் பயன்படுகின்றன. ஒரு மாஸ்பெட்டுக்குள் இயல்பாகவே ஒரு டையோடு அமைந்திருப்பதால், அதனால் ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தைத் தடுக்க முடியும். இரு திசைகளிலும் தடுக்க, இரண்டு மாஸ்பெட்டுகள் எதிரெதிராக இணைக்கப்படுகின்றன. பிரிப்பு நடக்கும் சிறு இடைவெளியைக் கடக்கக் கணினிகளுக்குள் இருக்கும் மின்தேக்கிகள் உதவுகின்றன.

மின்னணு உருகி: சாதாரணத் தகட்டு உருகி வெப்பத்தால் உருகி வேலை செய்வது. அதன் குறித்த அளவைப்போல் 135 விழுக்காடு மின்னோட்டம் பாய்ந்தால், அது அறுவதற்கு ஒரு நொடிக்கும் குறைவாகவோ 10 நிமிடங்கள் வரையோ ஆகலாம். இருமடங்கு மின்னோட்டத்திலும் சில நொடிகள் பிடிக்கலாம். மின்னணு உருகி மின்னோட்டத்தை நேரடியாக அளந்து, கடுமையான குறுக்குச்சுற்றை மைக்ரோநொடி அளவில் துண்டிக்கிறது. மேலே கணக்கிட்ட அழுத்தச் சரிவு மற்ற கணினிகளை நிறுத்துமளவு நீடிப்பதில்லை. பழுது நீங்கியபின் மென்பொருள் மூலமே அதை மீண்டும் இணைக்கலாம். அதே வேளையில், மோட்டார் தொடங்கும்போது இயல்பாகப் பாயும் பெரும் மின்னோட்டத்தைப் பழுதென்று தவறாக எடுத்துக்கொண்டால், நல்ல நிலையிலுள்ள சுமையையே அது துண்டித்துவிடும். மேலும் மாஸ்பெட் பழுதடையும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும் என்பதால், அதையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

கண்காணிப்பு: மாற்று மின்மூலம் பல மாதங்கள் பயன்படாமலே இருக்கக்கூடும். அது செயலிழந்திருப்பது தேவைப்படும் கணம் வரை தெரியாமல் போனால், அது மறைந்த பழுது எனப்படும். இதைத் தவிர்க்கப் பேட்டரியின் எதிர்முனையில் பொருத்தப்படும் உணரி அழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகியவற்றை அளக்கிறது. சில அமைப்புகள் சிறிய சோதனைச் சுமையை இணைத்து அகத்தடையையும் கணக்கிடுகின்றன.

பேட்டரியில் எவ்வளவு ஆற்றல் மிச்சம் என்பதைவிட அகத்தடை முக்கியமானது. காரைப் பாதுகாப்பாக நிறுத்த ஒரு நிமிடத்துக்குச் சராசரியாக 500 வாட் தேவை என்று கொண்டால், மொத்த ஆற்றல் சுமார் 8 வாட்-மணி மட்டுமே. 12 வோல்ட், 10 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய பேட்டரியில் 120 வாட்-மணி இருக்கிறது. ஆனால் ஸ்டீரிங்கும் பிரேக்கும் ஒரே கணத்தில் 100 ஆம்பியருக்கும் மேல் கேட்கலாம். குளிரிலோ முதுமையிலோ அகத்தடை உயர்ந்த பேட்டரி, நிரம்ப மின்னேற்றம் பெற்றிருந்தும் அந்தக் கணத்தில் அழுத்தத்தைக் கைவிட்டுவிடும்.

பொதுக்காரணப் பழுது

இரண்டு தடங்களும் ஒரே காரணத்தால் ஒன்றாகச் செயலிழப்பது பொதுக்காரணப் பழுதாகும். 2008 ஜனவரி 7 அன்று பாங்காக்கை நெருங்கிக்கொண்டிருந்த குவாண்டாஸ் நிறுவனத்தின் போயிங் 747-400 விமானத்தில் இது நிகழ்ந்தது. நான்கு எஞ்சின்களுக்கும் தனித்தனி மின்னாக்கிகள் இருந்தன. ஆனால் அவற்றின் கட்டுப்பாட்டு அலகுகள் கீழ்த்தளத்தின் ஒரே கருவி அறையில் இருந்தன. மேலேயிருந்த சமையல் பகுதியிலிருந்து கசிந்த தண்ணீர் அங்கே இறங்கியதால், நான்கு மாறுதிசை மின்தடங்களில் மூன்று செயலிழந்தன. பல கருவிகள் பேட்டரியில் இயங்க, விமானம் பாதுகாப்பாகத் தரையிறங்கியது.

இதன் பாதிப்பை எண்களிலும் காணலாம். ஒவ்வொரு தடமும் ஒரு மணி நேரத்தில் செயலிழக்கும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்று கொள்வோம். இரண்டும் முற்றிலும் சார்பற்றவை என்றால், ஒரே மணி நேரத்தில் இரண்டும் போகும் வாய்ப்பு ஆயிரம் கோடியில் ஒன்று. ஆனால் நூறு பழுதுகளில் ஒன்று இரு தடங்களையும் சேர்த்துத் தாக்கும் என்றால், அந்த வாய்ப்பு கோடியில் ஒன்றாக, அதாவது ஆயிரம் மடங்கு அதிகமாகிவிடும். காரில் இத்தகைய பொதுப் புள்ளிகள் எளிதில் மறைந்திருக்கும். இரு தடங்களும் ஒரே எர்த் போல்ட்டில் முடிவது, இரண்டின் கம்பிகளும் ஒரே கற்றையில் செல்வது, இரண்டிலும் ஒரே மென்பொருள் பிழை இருப்பது ஆகியவை அவற்றுள் சில.

மின்சாரக் கார்களில்

மின்சாரக் காரில் 400 அல்லது 800 வோல்ட் அளவிலான பெரிய பேட்டரி இருந்தாலும், கட்டுப்பாட்டுக் கணினிகள் பொதுவாக 12 வோல்ட்டிலேயே இயங்குகின்றன. அழுத்தத்தைக் குறைத்துத் தரும் நேர்மின் மாற்றி ஆல்டர்னேட்டரின் இடத்தைப் பிடிக்கிறது. உயர் அழுத்தப் பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர்களை மூடி வைத்திருப்பதும் 12 வோல்ட் மின்சாரமே. எனவே மாற்றி பழுதானால், பெரிய பேட்டரி நிரம்பியிருக்கும்போதே கார் நின்றுவிடலாம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் ஹூண்டாய், ஜெனிசிஸ் மின்சாரக் கார்களில் 1,45,000க்கும் மேற்பட்டவை திரும்ப அழைக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே: மின்னேற்றக் கட்டுப்பாட்டு அலகு சேதமடைந்தால் 12 வோல்ட் பேட்டரிக்கு மின்னேற்றம் நின்று, ஓட்டத்தின்போது இயக்குவிசை இழக்க நேரிடலாம்.

48 வோல்ட் அமைப்பு இத்துறையில் அடுத்த மாற்றமாகும். 1 கிலோவாட் சுமைக்கு 12 வோல்ட்டில் சுமார் 83 ஆம்பியர் தேவை. 48 வோல்ட்டில் 21 ஆம்பியர் போதும். அதே கம்பியில் வெப்ப இழப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. இதனால் மெல்லிய கம்பிகளைப் பயன்படுத்த முடிகிறது. இரட்டைத் தடங்களால் கூடும் எடையும் குறைகிறது.

தரநிலைகள்

சாலை வாகனங்களின் செயற்பாட்டுப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 26262 தரநிலை 2011இல் வெளியானது. இரண்டாம் பதிப்பு 2018இல் வந்தது. இது ஆபத்தின் கடுமையைப் பொறுத்து ஏ முதல் டி வரை நான்கு நிலைகளை வகுக்கிறது. மிகக் கடுமையான டி நிலையில், எதிர்பாராத வன்பொருள் பழுதால் பாதுகாப்பு மீறப்படும் வாய்ப்புக்கான இலக்கு மணிக்குப் பத்துக் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. மேலே கண்ட கோடியில் ஒன்று என்ற அளவு இதை எட்டுவதில்லை. டி நிலைத் தேவையை இரண்டு பி நிலைத் தடங்களாகப் பகிர்ந்துகொள்ளத் தரநிலை அனுமதிக்கிறது. அவ்விரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று நிறுவுவது அதற்கு நிபந்தனை.

தானியங்கித் தடக் காப்பு அமைப்புகளுக்கான ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதி 157 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் தொடக்க வடிவம் மணிக்கு 60 கி.மீ. வேகம் வரை தானியங்கி ஓட்டத்தை அனுமதித்தது. கட்டுப்பாட்டை ஏற்குமாறு அமைப்பு அழைத்த பின், ஓட்டுநருக்குப் பொதுவாகக் குறைந்தது 10 நொடி அவகாசம் தரப்பட வேண்டும். அந்த வேகத்தில் கார் அதற்குள் சுமார் 167 மீட்டர் செல்லும். அவ்வளவு தொலைவும் ஸ்டீரிங்கையும் பிரேக்கையும் இயக்குவது மிஞ்சியிருக்கும் மின்தடத்தின் பொறுப்பாகும்.