கற்கரி அடுப்புகள் ஏன் குளிரக் கூடாது?

அரிக்கேன் விளக்கின் சூடான கண்ணாடியில் ஒரு துளி தண்ணீர் பட்டால் அது விரிசல் விடுவதைப் பலரும் கண்டிருப்பர். நம் உருக்காலைகளிலுள்ள கற்கரி அடுப்புகளின் ஆயுளை நிர்ணயிப்பதும் இதே இயற்கை விதிதான்.

திடப்பொருள்கள் சூடேறினால் விரிகின்றன; குளிர்ந்தால் சுருங்குகின்றன. மாற்றம் மெதுவாக நிகழ்ந்தால் பொருள் முழுவதும் ஒரே சீராகச் சுருங்கும். கேடு பெரும்பாலும் விளைவதில்லை. திடீரெனக் குளிர்ந்தாலோ, மேற்பரப்பு சுருங்க முற்படும். இன்னும் சூடாயிருக்கும் உட்பகுதி அதற்கு இடந்தராது. இதனால் மேற்பரப்பில் இழுவிசை தோன்றுகிறது. கண்ணாடி, செங்கல், பீங்கான் போன்றவை அமுக்கத்தை நன்கு தாங்குமேயன்றி இழுப்பைத் தாங்கா. ஆகவேதான் திடீர்ச் சூட்டைவிடத் திடீர்க் குளிர்ச்சி அவற்றுக்கு அதிகத் தீங்கு செய்கிறது.

இழுவிசை மட்டுமே உடைவுக்குக் காரணமன்று. கண்ணுக்குப் புலப்படாத நுண்கீறல்கள் இப்பொருள்களில் எப்போதும் உண்டு. விசை கீறலின் கூர்முனையில் குவிந்து பன்மடங்காகிறது. கீறல் எவ்வளவு நீளமோ அவ்வளவு குறைந்த விசையே அதை மேலும் பிளக்கப் போதும் என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் 1921-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். எனவே, முன்பே கீறிய பொருள் ஒரு வெப்ப அதிர்ச்சியைத் தாங்கினாலும் அடுத்ததில் உடையக்கூடும்.

பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் ஆகிய பொதுத்துறை ஆலைகள் 1959-இல் இரும்பு உற்பத்தியைத் தொடங்கின. ஊதுலைக்கு வேண்டிய கற்கரியை, நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சுமார் 1,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்கித் தயாரிக்கின்றனர். அவ்வடுப்புகளின் சுவர்கள் சிலிக்கா செங்கல்லால் ஆனவை. சுமார் 600 டிகிரிக்கு மேல் இச்செங்கல்லின் பருமன் ஏறத்தாழ மாறுவதேயில்லை. அதற்குக் கீழேயோ, படிக அமைப்பு மாறுவதால் பருமனும் வெகுவாக மாறும். இதனாலேயே புதிய அடுப்பு வரிசையைச் சூடேற்ற இரண்டு மூன்று மாதங்கள் எடுத்துக் கொள்கின்றனர். ஒருமுறை சூடேற்றியபின், அதன் ஆயுட்காலமாகிய பல பத்தாண்டுகளுக்கும் குளிரவிடுவதில்லை.

ஆயினும், கற்கரியை வெளியே தள்ளக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வாயிலருகேயுள்ள செங்கற்கள் குளிர்காற்றுக்கு உள்ளாகின்றன. ஈர நிலக்கரியை நிரப்பும்போது சுவரின் வெப்பம் மேலும் இறங்குகிறது. கீறல்கள் வளர்ந்து சுவரை ஊடுருவினால், அடுப்பின் வாயு எரிகுழாய்களுக்குள் கசிந்து புகைபோக்கி வழியே கரும்புகையாக வெளிவரும். அப்புகை செங்கற்சுவர் விடுக்கும் எச்சரிக்கை. கதவு திறந்திருக்கும் நேரத்தைக் குறைப்பதும், கீறல்களைச் சூட்டிலேயே உடனுக்குடன் அடைப்பதும் பராமரிப்பின் உயிர்நாடி.

2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோதும், இடையறாது இயங்க வேண்டிய உற்பத்திப் பிரிவுகள் மாநில அரசின் அனுமதியோடு இயங்க மத்திய அரசு வழி செய்தது. கற்கரி அடுப்பைப் பொறுத்தவரை அது சலுகையன்று, கட்டாயத் தேவை. சில நாள் நிறுத்தத்தால் மிச்சமாகும் எரிபொருளின் மதிப்பு, பிளந்த சுவரைத் திரும்பக் கட்டும் செலவுக்கு முன் மிகச் சிறிது.