தை பிறந்தால் மொச்சை மணக்கும்!

தை பிறக்கப் போகிறது என்றால் திண்டுக்கல் கடைவீதிக்குத் தனிக் களை வந்துவிடும். கரும்புக் கட்டுகள் சாய்ந்து நிற்கும். மஞ்சள் கொத்தும் பூசணிக்காயும் குவிந்து கிடக்கும். ஆனால் தாய்மார்கள் முதலில் தேடுவது எதை தெரியுமா? பச்சை மொச்சையை!

சர்க்கரைப் பொங்கல் எல்லா ஊரிலும் உண்டு. அதோடு வைக்கும் குழம்பில்தான் அந்தந்த வீட்டின் கைமணம் தெரியும்.

பல காய், ஒரு குழம்பு

திண்டுக்கல், மதுரைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் பொங்கல் அன்று பல காய்களைச் சேர்த்துப் புளிக்குழம்பு வைப்பார்கள். மொச்சை, அவரை, கத்தரிக்காய், பூசணி, வாழைக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் அதில் சேரும். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் எண்ணிப் போடும் வீடுகளும் உண்டு.

முதல் நாள் இரவே மொச்சை உரிக்கும் வேலை தொடங்கிவிடும். பாட்டியும் மருமகளும் உரிப்பார்கள். பேரப்பிள்ளைகள் தோலை அள்ளிக்கொண்டுபோய் ஆட்டுக்குட்டிக்குப் போடுவார்கள்.

மிஞ்சிய குழம்பை யாரும் கொட்டுவதில்லை. அதைச் சுண்டவைத்து, மாட்டுப் பொங்கல் அன்று காலையில் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்கள். முதல் நாள் ருசியைவிட அதுவே மேல் என்பவர்கள் ஏராளம்.

ஏன் தையில் காய்க்கிறது?

நாட்டு மொச்சைக்கும் நாட்டு அவரைக்கும் ஒரு குணம் உண்டு. பகல் நீண்டிருக்கும் காலத்தில் கொடி படருமே தவிரப் பூக்காது. ஐப்பசி, கார்த்திகையில் பகல் குறையும். அப்போதுதான் பூ வரும். மார்கழிப் பனியில் காய் திரளும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பழமொழி. வானம் பார்த்த நிலத்தில் ஆடியில் ஊன்றிய விதை, ஐப்பசி மழையில் தழைத்து, மண்ணில் நிற்கும் ஈரத்திலேயே காய்த்துவிடும். அதன் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை இழுத்துக் கொடுக்கும். நிலத்துக்கும் அதனால் லாபம்.

விதை போனால்?

இப்போது எல்லா மாதமும் காய்க்கும் அவரை ரகங்கள் வந்துவிட்டன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட குத்து அவரை ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஆண்டு முழுவதும் காய்கறி குவிகிறது. இது நல்லதுதான். ஆனால் நாட்டு ரகத்தின் விதையை யாரும் எடுத்துவைக்காவிட்டால், அது ஒரு நாள் இல்லாமலே போகும்.

சிறுமலை வாழை இதற்கு ஒரு பாடம். திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில் அந்த மலைவாழை செழித்திருந்தது. முடிக்கொத்து நோய் வந்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய் அது. தோட்டம் தோட்டமாக அழிந்தது. 2008-ம் ஆண்டில் அந்த வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் நிலைத்தது, பழைய செழிப்பு திரும்பவில்லை.

பாட்டிமார் வழி

மொச்சையைக் காப்பது கடினம் அல்ல. நோயில்லாத கொடியில் சில நல்ல காய்களைப் பறிக்காமல் விட வேண்டும். அவை கொடியிலேயே நெற்றாகட்டும். பிறகு உரித்து, நன்றாக உலர்த்தி, சாம்பல் கலந்து பானையில் மூடிவைக்கலாம்.

சமைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மொச்சையைப் பச்சையாகத் தின்னக் கூடாது. அதில் இயற்கையாகவே சிறிது நச்சுப்பொருள் உண்டு. காய்ந்த மொச்சையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவைக்க வேண்டும்.

கொல்லையில் கொடி வைத்திருப்பவர்கள் இந்தத் தையில் ஒரு பிடி விதையை ஒதுக்கட்டும். பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிடி கொடுக்கட்டும். ஆடியில் ஊன்றினால், அடுத்த பொங்கலுக்கும் குழம்பு மணக்கும்!