மருத்துவரும் மாணவரே

கொங்கு நாட்டின் நடுநாயகமாய் விளங்குவது கோயம்புத்தூர். அந்நகரிலிருந்து அவினாசிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், விமான நிலையத்தை அடுத்து, கொடிசியா வளாகம் என்னும் பரந்த காட்சிக்கூடம் ஒன்று உண்டு. கோயம்புத்தூர் மாவட்டச் சிறுதொழில்கள் சங்கம் அமைத்தது அது. நீரிறைக்கும் பொறிகளும் கடைசல் இயந்திரங்களும் உழவுக் கருவிகளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பெறுவது வழக்கம். 2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் முதல் 25ஆம் நாள் வரை அங்கு வந்து கூடியவர்கள் வேறு வகையினர். நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் வந்த கண்மருத்துவர்கள் அவர்கள். 1930இல் தோன்றிய அனைத்திந்தியக் கண்மருத்துவச் சங்கத்தின் 76ஆம் ஆண்டு மாநாடு அந்நாட்களில் அங்கே நடைபெற்றது.

மாநாடு என்றவுடன் மாலையும் மேடையும் வரவேற்புரையும் நம் நினைவுக்கு வரும். இத்தகைய மாநாடுகளில் அவையும் இல்லாமல் இல்லை. ஆயினும் இவற்றின் உயிர்நிலை வேறு. பட்டம் பெற்று இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்தவர்கள் மீண்டும் மாணவராய் அமர்வதற்காகவே இங்கு வருகின்றனர். தலை நரைத்த மருத்துவர் ஒருவர், தம் மகனின் வயதுடைய இளைஞரிடம் ஐயம் கேட்டுக் குறிப்பெழுதிக்கொள்வதை இங்கே காணலாம். படித்து முடித்தவர் ஏன் மீண்டும் படித்தல் வேண்டும்? இதனை அறிய, கண்புரை என்னும் ஒரு நோயின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

நம் கண்ணினுள், கண்மணிக்குப் பின்னால், ஒளியைக் குவிக்கும் தெளிந்த வில்லை ஒன்று இருக்கிறது. மெல்லிய உறை ஒன்று அதனைச் சூழ்ந்துள்ளது. முதுமையில் அவ்வில்லை தெளிவு கெட்டு மங்கிவிடுவதே கண்புரை. சொட்டு மருந்தால் அது நீங்காது. அறுவை ஒன்றே வழி.

1975ஆம் ஆண்டில் படித்துத் தேறிய கண்மருத்துவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குக் கல்லூரியில் கற்பிக்கப்பட்ட முறை யாது? கருவிழியின் மேலோரத்தில் ஏறத்தாழ அரைவட்டமாகக் கீற வேண்டும். மிகக் குளிர்ந்த ஒரு கோலின் முனையை வில்லையின்மீது வைத்தால் வில்லை அதனோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். பின் வில்லையை உறையோடு முழுமையாக வெளியே எடுத்துவிட்டு, கீறிய இடத்தைத் தைத்துவிட வேண்டும். நோயாளி சில நாள் அசையாது படுத்திருப்பார். பின்னர் அவருக்குத் தடித்த கண்ணாடி ஒன்று வழங்கப்படும். 'சோடாப்புட்டிக் கண்ணாடி' என்று சிறுவர்கள் நகையாடுவார்களே, அதுதான்.

அக்கண்ணாடி பார்வை தந்தது உண்மையே. ஆனால், அது தந்த உலகம் சற்றுக் கோணியது. பொருள்கள் யாவும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரியனவாய், அருகில் இருப்பனவாய்த் தோன்றும். பக்கவாட்டில் வருவது தெரியாது. பல்லடத்திலோ அந்தியூரிலோ வாழும் முதிய உழவர் ஒருவர் அதனை அணிந்துகொண்டு கிணற்றுப் படியில் இறங்கினால், காலை எங்கே வைப்பது என்று தடுமாறுவார். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்திருந்தால் இரு கண்களின் காட்சியும் ஒன்றோடொன்று பொருந்தா. கண்ணாடி கீழே விழுந்து உடைந்துவிட்டாலோ, மீண்டும் மங்கலான உலகமே.

இதற்கு மாற்று, கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையை வைத்துவிடுவதுதான். அதனை முதன்முதல் செய்து காட்டியவர் ஹரால்டு ரிட்லி என்னும் ஆங்கிலேயர். கோவையின் கடைசற் பட்டறைகளில் இரும்புத் துகள் தெறித்துக் கண்ணுள் புகுந்தால், கண் சிவந்து வீங்கும். துகளை எடுக்காவிட்டால் துருவேறிக் கண்ணையே கெடுக்கும். ஆனால், இரண்டாம் உலகப் போரில் விமான ஓட்டிகள் சிலரின் கண்ணுக்குள் தங்கிவிட்ட விமானச் சாளரத்தின் ஞெகிழித் துண்டுகள் அத்தகைய அழற்சியை உண்டாக்காததை ரிட்லி கண்டார். அதே வகைப் பொருளால் வில்லை செய்வித்து, 1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இலண்டன் நகரில் ஒரு நோயாளியின் கண்ணில் அறுவை தொடங்கினார். 1951இல் ஆக்ஸ்போர்டில் நடந்த கண்மருத்துவ மாநாட்டில் தம் செயலை அவர் எடுத்துரைத்தபோது, அவையோரிற் பெரியோர் பலர் அதனை ஏற்கவில்லை. கண்ணிலிருந்து அயற்பொருளை எடுப்பது மருத்துவர் கடமையாயிருக்க, இவர் அயற்பொருளை உள்ளே வைக்கிறாரே என்பது அவர்கள் கருத்து. மாநாடு கூடிவிட்டால் மட்டும் அறிவு வளர்ந்துவிடாது என்பதற்கு இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்தல் நலம். அவருடைய வில்லை உலகெங்கும் பரவ முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. பிற்காலத்தில் ரிட்லிக்கே கண்புரை வந்தது. அவர் கண்களிலும் அத்தகைய வில்லையே பொருத்தப்பட்டது.

நம் நாட்டில் இம்முறை 1980களிலும் 1990களிலும் பரவியது. அப்பொழுதுதான் நாம் எண்ணிப் பார்த்த அம்மருத்துவருக்கு உண்மையான இடர் நேர்ந்தது. செயற்கை வில்லை நிற்பதற்கு இடம் வேண்டும். இயற்கை அமைத்த பழைய உறையே அதற்கு ஏற்ற இடம். ஆகவே, நேற்றுவரை உறையோடு வில்லையைப் பிடுங்கிய கை, இன்று உறையின் முன்பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் திறப்பு ஒன்றை உண்டாக்கி, வில்லையை மட்டும் நீக்கி, பின்பக்கத்தை ஊறின்றிக் காத்தல் வேண்டும். அப்பின்பக்கமோ தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்கும் இல்லாதது. இது முன்பு கற்றதோடு சிறிது கூட்டிக்கொள்ளும் கல்வியன்று. முன்பு கற்றதை மறந்து நேர்மாறாகக் கற்கும் கல்வி. நாற்பது வயதைக் கடந்தவர்க்கு அஃது எளிதா?

நூலைப் படித்து இதனைக் கற்றுவிட இயலாது. நோயாளியின் கண்ணில் கற்பதோ அறமாகாது. பின் எங்கே கற்பது? இறைச்சிக் கடையிலிருந்து அன்று காலையில் வாங்கி வந்த ஆட்டின் கண்ணில்! மாநாடுகளிலும் பயிற்சி மருத்துவமனைகளிலும் நீண்ட மேசைகளின்மீது நுண்ணோக்கிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஆட்டுக்கண் ஒன்று சிறு தாங்கியில் பொருத்தப்பட்டிருக்கும். பல்லாயிரம் அறுவை செய்த மருத்துவர் தம் நகரில் பெரும்புகழ் உடையவராயிருப்பார். இங்கோ வட்டமாய்க் கிழிக்க முயன்று, கோணலாய்க் கிழித்துவிட்டு, 'இன்னொரு கண் கொடுங்கள்' என்று கேட்பார். அருகில் நிற்கும் ஆசிரியர், "ஐயா, இடுக்கியை மேல்நோக்கி இழுக்காதீர்கள், வட்டத்தின் போக்கிலேயே கொண்டு செல்லுங்கள்" என்று திருத்துவார். ஆட்டின் வில்லை மென்மையானது. முதியோர் புரையின் கடினம் அதற்கு இல்லை. அதனால் மருந்து செலுத்தி அதனைக் கெட்டியாக்கிக்கொள்வதும் உண்டு. இக்காலத்தில் கணினியால் இயங்கும் செயற்கைக் கண்களும் வந்துவிட்டன. ஆயினும் ஆட்டுக்கண்ணின் மதிப்பு இன்னும் குறைந்துவிடவில்லை.

உலக வங்கியின் உதவியோடு 1994 முதல் 2002 வரை ஏழு மாநிலங்களில் கண்புரை ஒழிப்புத் திட்டம் ஒன்று நடைபெற்றது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. அரசு மருத்துவர்களைப் புதிய அறுவைக்குப் பழக்குவது அதன் பணிகளுள் ஒன்றாயிருந்தது. மதுரையில் 1992இல் தொடங்கிய அரோலேப் தொழிற்கூடம் செயற்கை வில்லையைக் குறைந்த விலையில் செய்தளித்தமையால், கற்ற கல்வி ஏழையின் கண்ணுக்கும் பயன்பட்டது. வில்லை விலையுயர்ந்ததாகவே இருந்திருப்பின், கற்றும் பயனென்ன?

இத்தோடு முடிந்ததா? இல்லை. தையலிடும் முறையை அம்மருத்துவர் நன்கு பழகி முடிப்பதற்குள், ஆறேழு மில்லிமீட்டர் அளவில் சுரங்கம் போல் கீறினால் தையலே வேண்டா என்னும் முறை வந்தது. அமெரிக்க மருத்துவர் சார்லசு கெல்மன் 1967இல் உலகிற்கு அறிவித்த 'பேக்கோ' முறையும் நம் நகரங்களுக்கு வந்து சேர்ந்தது. செவிக்கு எட்டாத ஒலியதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சும் முறை அது. அதற்கு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த கீறலே போதும். ஆக, ஒருவர் தம் பணிக்காலத்தில் ஒரே நோய்க்கு மும்முறை புதிதாய்த் தொழில் கற்க நேர்ந்தது.

கை மீண்டும் கற்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரியார் சான்றாய் வாழ்ந்தார். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1918இல் பிறந்தவர். மகப்பேற்று மருத்துவம் பயில விரும்பிய அவருக்கு முப்பது வயதளவில் கடுமையான மூட்டுவாதம் வந்து, விரல்கள் கோணிவிட்டன. அவர் கண்மருத்துவத்திற்கு மாறினார். தம் விரல்களுக்கேற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கவே புதிதாய்ப் பழகினார். அக்கைகள் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட அறுவைகளைச் செய்தன. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1997இல் கோயம்புத்தூரிலும் ஒரு கிளை ஏற்பட்டது. அதற்கு முன்பே, 1985இல், மருத்துவர் இரமணி முதலியோர் முயற்சியால் சங்கரா கண் மருத்துவமனை இந்நகரில் தோன்றியிருந்தது. இவை நோய் தீர்க்கும் இடங்களாக மட்டுமின்றி, பிற ஊர்களிலிருந்து வரும் மருத்துவர்களுக்குப் பயிற்சிக் கூடங்களாகவும் விளங்குகின்றன.

மாநாட்டில் நடைபெறும் பகுதிகளுள் மிகவும் பாராட்டத்தக்கது எது என்று கேட்டால், தவறுகளைக் காட்டும் பகுதியையே நான் சொல்வேன். இன்று அறுவைகள் நுண்ணோக்கி வழியே படமாகப் பதிவு செய்யப்படுகின்றன. பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர் மேடையேறி, தாம் செய்த அறுவையின் படத்தைத் திரையில் ஓடவிடுகிறார். எல்லாம் நன்றாகவே செல்கிறது. திடீரென்று உறையின் பின்பக்கம் கிழிகிறது. புரையின் துண்டு ஒன்று கண்ணின் பின்னறைக்குள் அமிழ்கிறது. அவையில் ஓசையே இல்லை. 'இந்த இடத்தில் நான் கையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை' என்கிறார் அவர். பிறகு, அக்கண்ணைக் காக்கத் தாம் என்ன செய்தார் என்பதை விளக்குகிறார். எழுந்து வினவுவோர் கடுமையாகவே வினவுவர். வெற்றியைக் காட்டும் நூறு படங்களைவிட அந்த ஒரு படம் அவையோர்க்கு மிகுதியாகக் கற்பிக்கிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவக் கழகம் 2002இல் வகுத்த நெறிமுறைகளின்படி, மருத்துவர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுகளில் 30 மணி நேரமேனும் இத்தகைய தொடர்கல்வி பெறுதல் வேண்டும். கணக்கிட்டால் மாதத்திற்கு அரைமணி நேரமே. அதனையும் வருகைச் சீட்டில் கையொப்பமிட்டு, பை ஒன்றை வாங்கிக்கொண்டு, உதகைக்குப் புறப்பட்டுவிடுவோரும் உளர். அரங்குக்கு வெளியே கருவி விற்போரின் கடைகள் மிகப் பொலிவாய் இருக்கும். புதிய கருவியெல்லாம் நல்ல கருவி என்று நம்பிவிடவும் கூடாது. இருக்கையில் அமர்ந்த நேரத்தை அளக்க முடிகிறது. கற்றதை அளப்பது அத்துணை எளிதன்று.

கண்ணைக் காப்பவர் மருத்துவர் மட்டும் அல்லர். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பணிபுரியும் கண் மருத்துவ உதவியாளர், கண்ணாடிக்கு அளவு பார்ப்பவர், செவிலியர் ஆகிய எல்லாருக்கும் தொடர்கல்வி வேண்டும். அவர்களுக்கென மாநாடுகளில் தனி அமர்வுகளும் நடைபெறுகின்றன. ஆயினும் அவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு மருத்துவர்க்குக் கிடைப்பதைவிடக் குறைவே.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். முற்காலத்தில், ஏழு, எட்டு மாதங்களில் பிறந்த எடை குறைந்த குழந்தைகளிற் பலர் பிழைப்பதில்லை. இன்று, ஈரோடு, திருப்பூர் போன்ற நகரங்களிலும் உள்ள நவீனப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் அவர்கள் பிழைக்கின்றனர். பிழைத்தமையால் புதிய இடர் ஒன்று வந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் வளர்ந்து நிறைந்திரா. பிறந்தபின் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையைப் பிய்த்துவிடக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் பார்வை மீள்வது அரிது. வெளியே பார்த்தால் கண் வெள்ளைவெளேரென்று நன்றாகவே இருக்கும்; தாய்க்கு ஐயமே எழாது. ஆகவே, 34 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2,000 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைக்கும், பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரையைச் சோதித்தல் வேண்டும் என்பது இன்று நம் நாட்டில் பின்பற்றப்படும் விதி. நோய் முற்றுவதாகத் தெரிந்தால் இரண்டு மூன்று நாட்களுக்குள் லேசர் ஒளியால் மருத்துவம் செய்துவிட வேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் பயின்ற செவிலியர் பலர்க்குப் பாடத்தில் இந்த விதி இருந்ததில்லை. ஆனால், குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் நாளில் தாயின் அருகில் நிற்பவர் அவரே. "அம்மிணி, குழந்தை நல்லா இருக்குது, ஆனாலும் முப்பது நாளுக்குள்ள கண்ணைக் காட்டிடோணும்" என்று சொல்லி, அட்டையில் நாளைக் குறித்துக் கொடுக்க வேண்டியவரும் அவரே.